மேலே பார்க்காத விருந்தாளிகள்

1

போன சனிக்கிழமை, பல்லரோச் சந்தையில் வாங்கிய கத்தரிக்காயும் கணவாய் மீனும் இரண்டு கையிலும் தொங்க, வியா மக்வேதா தெரு வழியே வந்துகொண்டிருந்தேன். ஊர்ப்படம் ஒன்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரத் தம்பதி என்னை மறித்து, மர்த்தொரானா தேவாலயம் எங்கே என்று கேட்டார்கள். வழியைக் காட்டிவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. உள்ளே ஒரு சுவரில் யேசுநாதர் ஒரு ராசாவுக்கு முடி சூட்டுகிறார், இருவர் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே முகம் என்றேன். இன்னொரு சுவரில் மாதாவின் காலடியில் கிடப்பது ஆமை இல்லை, அவர் குப்புற விழுந்து கும்பிடும் கடற்படைத் தளபதி, அந்தக் கோயிலைக் கட்டுவித்தவரே அவர்தான் என்றும் சொன்னேன். என்னுடைய இத்தாலியன் வீடு துடைத்துப் பழகிய இத்தாலியன். ஆனாலும் அவர்களுக்கு விளங்கியது.

"நீங்கள் வழிகாட்டியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லை சினியோரா, வழிகாட்டியின் தாய்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவாயைக் கழுவும்போது மனம் ஒருநிலையில் இல்லை. அந்தச் சுவரை நான் பார்ப்பதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. வெளிநாட்டிலிருந்து நாங்கள் அனுப்பும் படங்களில் ஏதாவது ஒரு பெரிய கட்டடத்துக்கு முன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் நிற்போம். போன ஐப்பசியில் எடுத்த அப்படி ஒரு படம் எங்களிடமும் இருக்கிறது. அதில் எல்லோரையும் விட நன்றாகச் சிரிப்பவள் என் மகள். எதற்காகத் தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

2

பலேர்மோ ஒரு காலத்தில் ராசாக்களின் தலைநகரம். ஆனால் எங்கள் ஆட்களில் யாரும் இதைப் பார்ப்பதற்கென்று வந்ததில்லை. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இங்கே கிடைக்கிறதாம் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். கிடைத்ததும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய்விட்டார்கள். போகாமல் தங்கியவர்களில் நாங்களும் சேர்த்தி. இவர், என் கணவர், ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசல் காப்பவர். நான் ஒரு வயதான சினியோராவைப் பார்த்துக்கொள்கிறேன். அரண்மனை, தேவாலயம் எல்லாம் நாங்கள் பஸ்ஸில் கடந்து போகும் சுவர்கள். உள்ளே போக நேரமும் இல்லை, போக வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மகள் தர்சிகா வேறு மாதிரி. நான்கு வயதில் இங்கே வந்தவள். சுற்றுலாத் துறைப் படிப்பு படிக்கிறாள். விடுமுறை நாட்களில் துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் கூட்டத்துக்குப் பின்னால் சின்னக் கொடியோடு நடப்பாள். முன்னால் ஒரு வழிகாட்டி கதை சொல்லிக்கொண்டு போவார். பின்தங்கும் ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவருவது இவள் வேலை. வாய் திறந்து கதை சொல்ல இன்னும் யாரும் விடவில்லை. வீட்டில் அவளுடைய தமிழ் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே வந்தது. நான் தமிழில் கேட்டால் இத்தாலியனில் பதில் வரும், அதுவும் சந்தைக்காரன் மாதிரி இழுத்து.

அப்படி இருக்கும்போதுதான் இவருடைய அக்கா, ராணி மச்சாள், பாரிஸிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"ஐப்பசியிலை பலேர்மோ பாக்க வாறம். என்ரை சினேகிதி கமலாவும் வாறா, அவவின்ரை மகனும் வாறான். தர்சி எங்களுக்கு எல்லாத்தையும் காட்டுவாள்தானே?"

பாரிஸில் நடந்த ராணி மச்சாளின் மூத்த மகன் கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை. போக முடியவில்லை. மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் தனியாகப் பெர்மெசோ எடுக்க வேண்டும் என்றார்கள். தபால் கந்தோரில் விண்ணப்பம் கொடுத்தோம். கையில் ஒரு ரசீது தந்தார்கள். அந்த ரசீதை வைத்துக்கொண்டு வேறு நாட்டு எல்லை தாண்டக் கூடாதாம். விடியமுதல் போய் குவெஸ்தூரா வாசலில், அந்தப் பொலிஸ் கந்தோரில், நானும் மகளும் எத்தனை தரம் நின்றிருப்போம். ஒருநாள் உள்ளே இருந்தவர் மகளைப் பார்த்து, இத்தாலியன் விளங்குமா என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். இவள் பச்சைப் பலேர்மோ மொழியில் பதில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, அடுத்த மாதம் வா என்று அனுப்பிவிட்டார்.

அதனால் விருந்தாளிகள் எங்களைத் தேடி வருவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. மகளுக்கு அதைவிடச் சந்தோஷம். அவள் தலைமை தாங்கும் முதல் கூட்டம் அல்லவா. அதையும் தமிழில் நடத்தப் போகிறேன் என்றாள்.

"அம்மா, மொசைக்கோ எண்டா தமிழிலை என்ன?"

எனக்கு எங்கே தெரியும். சின்னச் சின்னக் கண்ணாடிக் கல்லை ஒட்டிச் செய்கிற படம் என்றாள். அப்படியே சொல்லு பிள்ளை, எல்லோருக்கும் விளங்கும் என்றேன். தளபதிக்கு என்ன சொல், முடி சூட்டுவதா போடுவதா, தூண் என்று சொல்லலாமா கம்பம் என்று சொல்லலாமா. சோற்றைக் கிளறும்போது வந்து கேட்பாள், சினியோரா வீட்டுக்கே தொலைபேசி எடுத்துக் கேட்பாள். குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். நான் வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பல வருடத்தில் அந்த வீட்டில் அவ்வளவு தமிழ் கேட்டது அப்போதுதான்.

3

வந்த அன்றைக்கே ராணி மச்சாள் ஒரு காஞ்சிபுரம் சேலையை எடுத்து மகளிடம் நீட்டினார். நாளைக்கு இதைக் கட்டிக்கொண்டு வா, படங்கள் நல்லா வரும் என்றார். அவள் சிரித்துவிட்டாள். படிகளில் ஏறி இறங்க வேணும் மாமி என்றாள். கடைசியில் ஒரு பஞ்சாபி உடுப்புக்குச் சம்மதித்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ விருந்தாளிகளுக்கு எத்தனை பிட்டு அவிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெரிய தேவாலயத்தில் தொடங்கினோம். வாசலில் ஒரு தூணைக் காட்டி, இதில் அரபு எழுத்தில் குர்ஆன் வாசகம் வெட்டியிருக்கு, பள்ளிவாசல் இருந்த இடத்திலை கோயில் வந்தது, தூணை மட்டும் ஒருத்தரும் எறியேல்லை என்றாள். நல்ல தமிழ். எனக்குப் பெருமையாக இருந்தது. கமலா அக்கா "ஓம் ஓம்" என்று தலையாட்டினார். அவருடைய மகன் நிரோஷன், முப்பது வயது இருக்கும், படம் எடுத்தபடி நின்றான். தாய் அவனுடைய முழங்கையைத் தொட்டு, "தம்பி, தர்சியையும் சேர்த்து எடு" என்றார்.

அங்கிருந்து நாற்சந்திக்கு இறங்கி வரும்போது மகள் தன் வழக்கப்படி விறுவிறுவென்று முன்னால் போனாள். பின்னாலிருந்து ராணி மச்சாளின் குரல் வந்தது.

"மெல்ல நட பிள்ளை. பின்னுக்கு வாற ஆக்கள் பாக்கட்டும்."

எனக்குக் கால் நின்றுவிட்டது.

இதே சொல்லை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு இருபது வயது. எங்கள் ஊர்க் கோயிலில் கொடியேற்றம். சித்தி என் கையில் அருச்சனைத் தட்டைத் தந்து, மூன்று தரம் வீதி சுற்று, மெல்ல நட, பின்னுக்கு வாற ஆக்கள் வரட்டும் என்றார். நான் சாமிக்காக நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். தேர்முட்டிக்குப் பக்கத்தில் இவருடைய தாயும் இதே ராணி மச்சாளும் நின்று என் நடையையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது நிச்சயம் பண்ணும்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண்ணுக்குச் சொல்லாமல் கோயிலில் வைத்துப் பார்ப்பது. பிடிக்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மானக்கேடு இல்லை. எனக்கு நல்ல மனுசன்தான் வாய்த்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் சாமியிடம் என்ன கேட்டேன் என்று யாரும் கேட்கவில்லையே என்ற கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மர்த்தொரானாவுக்குள் போனதும் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. சுவர் முழுக்கத் தங்க நிறம். உள்ளே நின்ற வெள்ளைக்காரர் எல்லோரும் கழுத்து நோக மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகள் ராசாவையும் யேசுநாதரையும் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கமலா அக்கா ஒருவர் மட்டும் கீழே பார்த்தார். என் பிள்ளையின் குதிக்காலைப் பார்த்தார். பிறகு பின்னலை, பிறகு கழுத்தை. பார்த்துவிட்டு ராணி மச்சாளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

இவரை வெளியே சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"இது என்ன பார்வை?"

"எது?"

"கமலா அக்கா கோயிலைப் பாக்கேல்லை. என்ரை பிள்ளையின்ரை குதிக்காலைப் பாக்கிறா."

இவர் சிகரெட்டைத் தேடினார். "பாக்கட்டுமன். பாத்தாக் குறைஞ்சா போகும்? பிடிச்சாக் கதைப்பம். பிடிக்காட்டி ஊர் பாத்த கணக்கிலை போகட்டும்."

"அவளுக்குத் தெரியுமோ?"

"சொன்னா வருவாளே?"

 என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், இவருடைய குரல் இறங்கிவிட்டது.

"இஞ்சேரும், அவளின்ரை கையிலை என்ன இருக்கு? ஒரு தபால் கந்தோர்த் துண்டு. நாளைக்கு ஒருத்தன் இல்லையெண்டு சொன்னா இவ்வளவு காலம் படிச்சதும் போச்சு. பெடியன் குடி வெறி இல்லாதவன், பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கு. எனக்குப் பயமா இருக்கப்பா. நான் பிழையாச் செய்தனானே?"

 பயம் எனக்கும் இருந்தது. குவெஸ்தூரா வாசலில் நின்றவள் நான்தானே. ஒரு நிமிடம், பேசாமல் இருந்துவிடுவோமா என்றுகூட நினைத்தேன். திறந்திருந்த கதவால் திரும்பி உள்ளே பார்த்தால், மகள் கையை உயர்த்தி அந்தத் தளபதியைக் காட்டி, "ஆமை எண்டு நினைக்காதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பகிடியை அவள் குளியலறையில் எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். கேட்டவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

4

பல்லரோவில் மத்தியானச் சாப்பாடு. சந்தையில் மீன்காரர் கத்துகிற கத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்வதே கேட்காது. அதுதான் நல்லதென்று, கடலைமாப் பொரியல் வாங்க மகளை ஒரு தள்ளுவண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.  வேறு யாராவது, வேறு எப்படியாவது சொல்லி அவளுக்குத் தெரிய வந்தால், நானும் சேர்ந்தே ஏமாற்றினேன் என்று நினைப்பாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"பிள்ளை, இவை ஊர் பாக்க வரேல்லை. உன்னைப் பொம்பிளை பாக்க வந்திருக்கினம். எனக்கும் இப்பதான் தெரியும்."

அவள் பொரியலை ஒரு கடி கடித்திருந்தாள். அதை விழுங்க நேரம் எடுத்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் தள்ளுவண்டியைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோ அம்மா."

"ஓம்."

கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். கடுதாசியால் விரல்களில் இருந்த எண்ணெயைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. சந்த ரொசாலியா மிச்சமிருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

சந்த ரொசாலியா பலேர்மோவைக் காக்கும் புனிதை. அவருடைய குகை இருக்கும் மலைக்கு எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போவார்கள். நேர்த்தி வைத்து நடந்தே ஏறுகிறவர்களும் உண்டு. பிள்ளையாரைக் கும்பிடுகிற நாங்கள்தான் அந்தக் குகையில் கண்ணாடிக்குள் சிலையாகப் படுத்திருக்கும் அம்மாவையும் கும்பிடுகிறோம். பெர்மெசோவுக்காக நான் அவருக்கு எரித்த மெழுகுதிரிக்கு அளவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் மலை ஏறும்போது நான் அவரிடம் வேண்டியதெல்லாம், இவள் எல்லோர் முன்னாலும் வெடித்துவிடக் கூடாது என்பதுதான்.

குகைக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம். மகள் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, காலையில் பேசிய அதே குரலில் தொடங்கினாள்.

"இவ பெரிய இடத்துப் பிள்ளை. அரண்மனையிலை இருந்தவா. ஒரு கோமகனுக்கு இவவைக் கேட்டு வந்தவை. வீட்டிலை ஓம் எண்டு சொல்லிப்போட்டினம். இவவை ஒருத்தரும் கேக்கேல்லை. அடுத்த நாள் இவ தன்ரை பின்னலை வெட்டிப்போட்டு, வீட்டை விட்டிட்டு வந்து இந்தக் குகையிலை இருந்தவா எண்டு இஞ்சத்தை ஆக்கள் சொல்லுவினம்."

இத்தனை வருடம் கும்பிட்டும் எனக்கு இந்தக் கதை தெரியாது. அவள் இதை முதலே தயார் பண்ணி வைத்திருந்தாளா, பஸ்ஸில் வரும்போது சேர்த்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிரோஷன் படம் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பையை மூடினான்.

கமலா அக்காதான் பேசினார். "பாவம். கோமகன் எண்டால் நல்ல இடமாத்தானே இருந்திருக்கும்."

மாலையில் அவர்களை ஹோட்டல் வாசலில் விட்டோம். எல்லோரும் கன்னத்தில் கொஞ்சி விடைபெற்றார்கள். மகள் கமலா அக்காவின் கையைப் பிடித்தாள். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது.

"அன்ரி, இன்னொருக்கா வாங்கோ. அடுத்த முறை பலேர்மோவைக் காட்டுறன்."

கமலா அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளை திரும்ப வரச் சொல்லுறாள் என்று ராணி மச்சாளின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. நிரோஷன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு விளங்கிவிட்டது.

5

அன்றையிலிருந்து மகள் தகப்பனோடு தமிழ் கதைப்பதை விட்டாள். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கவும் இல்லை. கேட்டால் இத்தாலியனில் பதில் சொல்வாள், மிக மரியாதையாக. காலை வணக்கம் அப்பா, நன்றி அப்பா, வேண்டாம் அப்பா. இவர் வாசல் காக்கும் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் நாள் முழுக்க இவரோடு அப்படித்தான் பேசுவார்கள். வேலை முடிந்து சீருடையைக் கழற்றிய பிறகு வீட்டிலும் அதே குரலைக் கேட்டால் ஒரு மனுசன் என்ன செய்வார்? தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு இருந்தார்.

பாரிஸிலிருந்து சேதி சீக்கிரமே வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். நான் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை வாங்கப் போனேன். இவர் தரவில்லை.

"அக்கா, பிள்ளைக்கு விருப்பமில்லை. நான் அவளைக் கேட்டிருக்க வேணும், கேக்கேல்லை. இனி இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

ராணி மச்சாள் அதன் பிறகு எங்களுக்கு எடுக்கவில்லை. தம்பி தன்னை அவமானப்படுத்திவிட்டான் என்று லண்டன் வரை கதை போயிருக்கிறது. தகப்பன் சொன்னதை மகளிடம் நான் சொன்னேன். "ஓ" என்றாள்.  மார்கழி போனது, தைப்பொங்கல் போனது. பொங்கல் அன்றைக்குப் பானை பொங்கும்போதுகூட அப்பாவிடம் இத்தாலியனில்தான் வாழ்த்துச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் நான் இரண்டு பேருக்கு இடையில் மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டியதாயிற்று.

பங்குனியில் ஒருநாள், நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் கிடந்து படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"அம்மா, அண்டைக்கு மர்த்தொரானாவிலை நீங்களும் மேலை பாக்கேல்லை."

"நான் உன்னை எல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."

"எனக்குத் தெரியும். ஒருத்தரும் பாக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை வாறீங்களா? திருப்பிச் சொல்லுறன்."

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது இவருடைய சட்டைதான். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கே போகிறீர்கள் என்று இவர் கேட்டார். சொன்னேன். வாங்கோ என்று கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கூப்பிடவில்லை. நாங்கள் இறங்கி நாற்சந்தியைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தூரத்தில், கடைகளைப் பார்ப்பது போல இவர் வந்துகொண்டிருந்தார். நான் மகளிடம் சொல்லவில்லை.

உள்ளே கப்பலால் வந்த கூட்டம் ஒன்று நின்றது. மகள் என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தித் தொடங்கினாள். சின்னச் சின்னக் கண்ணாடிக் கல்லை ஒட்டிச் செய்த படம். ராசா. யேசுநாதர். இரண்டு பேருக்கும் ஒரே முகம். நான் மேலே பார்த்தேன். கழுத்து நொந்தது, கண்ணை எடுக்க முடியவில்லை. ஆமைப் பகிடி வந்தபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நல்ல வழிகாட்டி எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள் என் பிள்ளை. கையில் இருப்பது இன்னும் அந்தத் தபால் கந்தோர் ரசீதுதான், ஆனால் அந்தச் சுவர்களுக்கு நடுவில் அவளை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது போல இருந்தது.

கதவடியில், கூட்டத்துக்குப் பின்னால், இவர் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், தன் கட்டடத்தில் நிற்பது போலவே. இவ்வளவு பேருக்குப் பின்னால் நின்றால் ஒன்றும் தெரியாது.  மகளும் கண்டுவிட்டாள் என்பது அவளுடைய குரல் ஒரு கணம் நின்றதில் தெரிந்தது. இத்தாலியனில் ஏதாவது சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுவாளோ என்று பயந்தேன்.

அவள் திரும்பவில்லை. கையை உயர்த்தி, துறைமுகத்தில் பின்தங்கும் ஆட்களைச் சேர்க்கும் அந்த உரத்த குரலில், தமிழில் சொன்னாள்.

"பின்னுக்கு நிக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ. இஞ்சை நிண்டாத்தான் வடிவாத் தெரியும்."

பின்னால் நின்ற அத்தனை பேரிலும் தமிழ் விளங்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் முன்னுக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, மேலே பார்த்தார்.